போர்ட்லாந்தும் ரேபன் கவுண்டியும்: மாணவர் கையில் ஊர்க்கதை

மாணவர்களே பதிப்பாளர்களானால் சுற்றியிருக்கும் ஊருக்கு என்ன கிடைக்கும்? அமெரிக்காவின் இரண்டு மூலைகளில் இதற்கு விடை தேடலாம். ஒன்று, ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து அரசுப் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கிய ஊலிகன் பதிப்பகம். மற்றது, ஜார்ஜியாவின் அப்பலாச்சிய மலைப்பகுதியிலுள்ள ரேபன் கவுண்டியில் 1966இல் ஒரு பள்ளிக்கூடத்து ஆங்கில வகுப்பில் முளைத்த ‘ஃபாக்ஸ்ஃபயர்’ இதழ்.

ஊலிகனை நடத்தியவர்கள் பதிப்புத்துறை படிக்கும் முதுகலை மாணவர்கள். வந்த பிரதிகளைப் படித்தார்கள், எதை ஏற்பது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள், செம்மைப்படுத்தினார்கள், அட்டை போட்டார்கள், கடைக்குப் போகும்வரை கூடவே நின்றார்கள். பசிபிக் வடமேற்கு வட்டாரத்தின் எழுத்தே அவர்களுடைய முதல் அக்கறை. ரூத் டென்சர் ஃபெல்ட்மனின் ‘ப்ளூ த்ரெட்’ (2012) நாவல், ஒரிகன் பெண்கள் வாக்குரிமை வென்ற 1912ஆம் ஆண்டின் போர்ட்லாந்தில் நடக்கிறது. நியூயார்க் பதிப்பாளருக்கு இது ஓர் ஓரத்து வரலாறாகத் தோன்றலாம். அந்த ஊர் மாணவருக்கோ தான் தினமும் நடக்கும் தெருக்களின் கதை. தேர்வு செய்யும் உரிமை உள்ளூரிலேயே இருப்பதன் பலன் இதுதான்.

ஆனால் ஊலிகனின் வாசலுக்கு வருபவர் ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர். ஒரிகன் மாநிலமாகி 150 ஆண்டு நிறைந்ததையொட்டிச் சாதாரண மக்களின் அனுபவங்களைத் தொகுத்து ‘ஒரிகன் ஸ்டோரீஸ்’ (2010) வெளியிட்டபோது அந்த வாசல் அகலமானது உண்மை. அப்போதும் பேனா எடுக்காதவர் வெளியேதான் நின்றார்.

ஃபாக்ஸ்ஃபயர் மாணவர்கள் அந்த வெளியாட்களைத் தேடிப் போனார்கள். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மலைவீடுகளில் ஏறி இறங்கினார்கள். 1936இல் கிளேட்டன் ஊர் வங்கி கொள்ளைபோன கதையை ஓய்வுபெற்ற ஷெரிஃப் லூதர் ரிக்மன் சொல்ல, அது முதல் இதழில் வந்தது. அடுத்தடுத்து மரக்கட்டை வீடு கட்டும் முறை, ராசி பார்த்து விதைப்பது, கள்ளச்சாராயம் காய்ச்சுவது, பாம்புக் கதைகள் என்று வந்துகொண்டே இருந்தன. ஏரி கார்ப்பென்டர் என்ற மூதாட்டி பன்றித்தலையைச் சமையலுக்குச் சுத்தம் செய்தபடி பேசும் பக்கங்களில் அவருடைய மலைப்பேச்சு அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் தோன்றியதே, அதைப் பெரிய பதிப்பறிவு என்பேன். இலக்கணப் பிழை என்று பள்ளி அடித்துத் திருத்தும் பேச்சு, அதே பள்ளியின் இதழில் மரியாதையோடு அச்சேறியது. டபுள்டே நிறுவனம் 1972இல் இதழில் வந்தவற்றை நூலாக்கியதும் நாடு முழுவதும் விற்றது. வரிசை பன்னிரண்டு தொகுதிவரை நீண்டது.

ஃபாக்ஸ்ஃபயரின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மாணவர் முயற்சி என்றாலும், அந்த ஆங்கில வகுப்பை நடத்திய ஆசிரியர் எலியட் விக்கின்டனின் பெயரே வெளியே பெரிதாகத் தெரிந்தது. 1992இல் ஒரு சிறுவனிடம் பாலியல் குற்றம் புரிந்ததை அவர் ஒப்புக்கொண்டபோது அமைப்பே ஆட்டம் கண்டது. அவர் போன பிறகும் இதழ் நிற்கவில்லை; அந்தப் பெருமை முழுவதும் பிள்ளைகளுக்கும் ஊராருக்கும் உரியது. ஊலிகனில் பொறுப்புகள் பிரிந்து கிடந்தன. ஒருவர் படிப்பை முடித்துப் போனால் அடுத்தவர் அதே நூலைத் தொடர்ந்தார். ஒரு ஆளை நம்பி நிற்காத அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஃபாக்ஸ்ஃபயர் பக்கமே சாய்வேன். நூல் விற்ற பணத்தில் ரேபன் கவுண்டியின் பிளாக் ராக் மலையில் நிலம் வாங்கி, பழைய மரக்கட்டை வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே எழுப்பினார்கள். கதை கொடுத்த ஊரிலேயே அந்தப் பணம் தங்கியது.