கறிவேப்பிலையும் கோனிக் துரையும்

பெரம்பலூர்ப் பக்கத்துச் சந்தைகளில் சின்ன வெங்காயத்துக்கு எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேரம் பேசலாம். கறிவேப்பிலைக்கு யாரும் பேசுவதில்லை. அது கொசுறாக வந்து பைக்குள் விழும். சாம்பாருக்கு மணம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு இலையின் ஓரத்தில் ஒதுங்கும். காரியம் ஆனதும் ஒருவரைக் கைவிட்டால், "கறிவேப்பிலையாக எறிந்துவிட்டார்கள்" என்கிறோம். அப்பேர்ப்பட்ட இலையின் சாஸ்திரப் பெயருக்குள் ஒரு மனிதர் 250 வருஷங்களாகக் குடியிருக்கிறார்.

1771-ல் ஸ்வீடன் தேசத்துத் தாவர மேதை லின்னேயஸ் இதற்கு 'பெர்கெரா கோனிகி' என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை 'முர்ரயா' இனத்தில் சேர்த்தார்கள். இப்போது பழைய இனத்துக்கே திருப்பியிருக்கிறார்கள். முன்பாதி எத்தனை மாறினாலும் 'கோனிகி' மட்டும் மாறவில்லை. ஜெர்மன் பாஷையில் கோனிக் என்றால் அரசன். தமிழிலும் கோன் அரசன்தான்! இதை வைத்து மொழி ஆராய்ச்சி நடத்த மாட்டேன். வாசகர்கள் பயப்பட வேண்டாம்.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1728-ல் பால்டிக் கடலோரத்து லிவோனியாவில் பிறந்தவர். மருந்து தயாரிக்கும் தொழில் கற்று, லின்னேயஸிடம் மாணவராக இருந்து, ஐஸ்லாந்துக் குளிரில் செடி தேடியவர், 1768-ல் தரங்கம்பாடி வெயிலில் வந்து இறங்கினார். அங்கே டேனிஷ்காரர்களின் கொடி பறந்த காலம் அது. மிஷன் வைத்தியர் உத்தியோகம். மருந்து கொடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் செடியும் பூச்சியும்தான். 1774-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் வேலைக்கு அமர்ந்தார்.

இந்த நவாபைப் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1751-ல் ரஞ்சன்குடிக் கோட்டையருகே சந்தா சாகிபோடு நடந்த சண்டையில் இவர் பக்கத்தார்தான் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். 1765-ல் இவருடைய படைதான் கம்பெனியார் துணையோடு அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைப் பிடித்தது. சண்டைக்கு மேல் சண்டை, கடனுக்கு மேல் கடன். அந்த தர்பாரில் ஒரு தாவர சாஸ்திரிக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? 1778-ல் கோனிக் கம்பெனிச் சம்பளத்துக்கு மாறினார். உடனே சயாம், மலாக்கா என்று கப்பலேறி இரண்டு வருஷம் சுற்றிவிட்டு வந்தார்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, 1779-ல் பெர்லினில் ஜெர்மன் மொழியில் வெளியான அவருடைய கறையான் கட்டுரை. நாம் பால் வார்த்துக் கும்பிடுகிற புற்றை அவர் வெட்டித் திறந்து பார்த்தார். அதோடு விடவில்லை, ஜனங்கள் ஈசல் பிடிக்கும் விதத்தையும் எழுதினார். புற்றில் இரண்டு துளை. காற்று வருகிற பக்கத்துத் துளையில் நாற்றமெடுக்கும் பொருள்களைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். எதிர்ப்பக்கத்துத் துளையில், உள்ளே வாசனைத் தழை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகைக்குப் பயந்த ஈசல்கள் பானைக்குள் வந்து நிறையும். மாவோடு கலந்து பலகாரம் செய்து மலிவாக விற்பார்களாம். முதுகு பலவீனப்பட்ட கிழவர்களுக்குத் தாய்க் கறையானை உயிரோடு விழுங்கக் கொடுப்பார்களாம். கிழவர்களின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை!

கொள்ளிடத்துக்கு வடக்கே செம்மண் காட்டுப் புற்றுகளிலிருந்து மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புவதையும், அதைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்பதையும் பார்த்தவர்களுக்கு இது அந்நியமான சமாசாரம் அல்ல. நான் யோசிப்பதெல்லாம் ஒன்றுதான். காற்றுப் பார்த்துத் துளை போடும் வித்தையைக் கோனிக் புற்றிடமிருந்து கற்றிருக்க முடியாது. யாரோ ஒரு குடியானவனோ கிழவியோ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இந்தப் பக்கம் புகை போடு, துரை!" என்று காட்டியிருக்க வேண்டும். கறிவேப்பிலையும் அப்படித்தான், நம் பெண்கள் எத்தனையோ தலைமுறையாகத் தாளித்துக் கொட்டிய இலை அது. லத்தீன் பெயரில் துரைக்கு இடம் கிடைத்தது. சொல்லிக் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் அந்தப் பானையையும் தழையையும் மெனக்கெட்டு எழுதி வைத்தவரும் அவர்தானே? கோபத்தை முழுசாக அவர் தலையில் இறக்கவும் மனம் வரவில்லை.

1785 ஜூன் 26-ந் தேதி, காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில், வயிற்றுக்கடுப்பு அவரைக் கொண்டு போயிற்று. படுக்கையருகே இருந்தவர் டாக்டர் ராக்ஸ்பரோ. சோழமண்டலக் கரையின் செடிகளை 300 படங்களோடு பிற்காலத்தில் புத்தகமாக்கிய அதே ராக்ஸ்பரோதான். கோனிக்கின் காகிதங்கள் லண்டனில் ஸர் ஜோஸப் பாங்க்ஸிடம் போய்ச் சேர்ந்தன. சயாம் யாத்திரைக் குறிப்பு இங்கிலீஷில் அச்சேறியது 1894-ல். ஆள் போய் 109 வருஷம் கழித்து!

ஆனால் தரங்கம்பாடிப் பாதிரிமார்களுக்கு அவர் மூட்டிய செடிப் பைத்தியம் அவரோடு போகவில்லை. அவர்களில் ஒருவர்தான் தமிழ் அகராதி தொகுத்த ராட்லர். 1799-லும் 1800-லும் தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை வழியெல்லாம் செடி பார்த்துக்கொண்டே போனார் அவர். அந்த யாத்திரையைத் துருவி ஆராய்ந்து 1993-ல் கட்டுரை எழுதியவர் திருச்சி ராபினட் உலர்தாவரச் சாலையின் பாதிரியார் கே. எம். மாத்யூ. பெரம்பலூருக்கு மேற்கே நிற்கும் பச்சைமலையின் செடி கொடிகளையும் சேர்த்து, 1981 முதல் பெரும் பெரும் புத்தகங்களாக வெளியிட்டவரும் அவரே.