பறங்கி: வெளியாளின் பெயரில் ஓர் ஊர்க்காரர்

போர்த்துக்கேயர் நம் கரைக்கு வருமுன்பே 'பறங்கி' கிளம்பிவிட்டது. 'ஃபிராங்கு' என்ற ஐரோப்பிய இனத்தின் பெயரைச் சிலுவைப் போர்க் காலத்து அராபியர் மேலை ஐரோப்பியர் எல்லாருக்கும் பொதுவாக்கினர். பாரசீகத்தில் அது 'ஃபரங்கி'. தமிழில் முதலெழுத்து பகரமானது. வந்த இடத்தில் சொல்லுக்கு மதிப்பில்லை. 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, தாம் பறங்கியரல்லர் என்று சாதிக்கவேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அமெரிக்கக் காய் ஒன்று பறங்கிக்காய் ஆயிற்று. இலங்கையில் ஒரு தோல்நோய்க்கே 'பறங்கி' என்று பெயர்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இச்சொல் வேறு திசையில் போயிற்று. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தனர். பத்தாண்டு ஆட்சி போனது, மொழி போகவில்லை. தாண்டவன்வெளியிலும் டச்பாரிலும் தச்சு, இரும்பு, சப்பாத்து வேலைகளால் பெயர்பெற்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் அதை வீட்டில் பேசின. ஒக்கர்ஸ், அவுட்ஸ்கூர்ன் என்று பல குடும்பப் பெயர்கள் ஒல்லாந்து, பேச்சு போர்த்துக்கேயம். இவர்களுக்கு வழங்கும் 'பேர்கர்' என்ற பெயரும் நகரக் குடிமகனைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்லே. அதற்குத் தமிழாக அரச படிவத்தில் நிற்பது 'பறங்கியர்'. வசைச்சொல் இனப்பெயராகிவிட்டது.

அந்தப் பேச்சை உற்றுக் கேட்டால் உள்ளே தமிழ் தெரியும். 'பாரா' என்ற போர்த்துக்கேய முன்னிடைச்சொல் 'ப' எனக் குறுகி, நம் 'கு' உருபைப்போலப் பெயரின் பின்னே ஒட்டுகிறது. வினைமுற்று வாக்கியக் கடைசிக்கு வந்துவிட்டது. எதிர்காலத்துக்கோ, 'பிறகு' என்ற பொருளுடைய 'லோகோ' தேய்ந்து 'லோ' ஆகி வினைக்கு முன்னே நிற்கிறது. 1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் இதை ஆராய்ந்து, தமிழோடு அது கொண்ட ஒப்புமையை விளக்கினார்.

கலியாண வீட்டில் வயலினோடு ஆடும் 'கப்ரிஞ்ஞா' என்ற பெயரில் ஆபிரிக்கரைக் குறிக்கும் 'காஃப்ரே' இருக்கிறது. மேற்கு ஆபிரிக்காவின் கினி-பிசாவுவிலும் மட்டக்களப்புப் பேச்சைப் போன்ற போர்த்துக்கேயக் கலப்புமொழி உண்டு. அங்கே பல இனங்கள் சேர்ந்து புழங்கும் பொதுமொழி அது. இங்கோ சில தெருக்களின் வீட்டுமொழி. 2004 ஆழிப்பேரலை டச்பாரை அழித்தது. இளையோர் தமிழே பேசுகின்றனர்.

ஆனாலும் இனம் மொழியை மட்டும் நம்பி நிற்கவில்லை. குடும்பப் பெயர், கோயில், கலியாண ஆட்டம் மூன்றும் அதைத் தாங்குகின்றன. தமிழ் பேசும் பறங்கியர் என்பதில் மட்டக்களப்பானுக்கு எந்த முரணும் தெரிவதில்லை.