ஓய்மாநாடு

மரக்காணம் கடற்கரையிலிருந்து மேற்கே திண்டிவனம் வரையிலான நிலப்பகுதி சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்டது. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கும். இந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியதே சிறுபாணாற்றுப்படை.

நாட்டின் பெயர் ஆண்ட குடியிலிருந்து வந்தது. நல்லியக்கோடன் ஓவியர் குடியினன். மலையர் மகன் மலையமான் ஆனதுபோல ஓவியர் மகன் ஓவியமான் ஆகி, அப்பெயர் ஓய்மான் எனச் சுருங்கியது என்பதே பொருந்தும் விளக்கம். ஓய்மான் ஆண்டது ஓய்மாநாடு. குடிப்பெயரை வைத்து அவர்களை ஓவியத் தொழிலர் என்று கொள்ளப் பாட்டில் இடமில்லை.

சிறுபாணாற்றுப்படையில் பரிசில் தேடிச் செல்லும் பாணன் முதலில் அடையும் ஊர் எயிற்பட்டினம்; இன்றைய மரக்காணம். பாட்டு அதன் பெயரை நேரே சொல்லாமல், மதிலின் பெயரைத் தாங்கிய பட்டினம் என்று குறிப்பால் உணர்த்துகிறது. எயில் என்றால் மதில். அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்கள்போலக் கரையில் கிடப்பதையும், நுளையர் பெண்கள் அவற்றையே விறகாக்குவதையும் புலவர் காட்டுகிறார். ஒட்டகமும் அகிலும் இங்கே வெறும் அழகுக்காக வரவில்லை. தூரதேசத் தொடர்புள்ள துறைமுகத்தை அவை அடையாளம் காட்டுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் இக்கரையில் குறிப்பிடும் சோபட்மா இதுவே என்பர் அறிஞர் சிலர். சோ என்பதும் தமிழில் அரணைக் குறிக்கும். சோபட்மாவைச் சோப்பட்டினம் என்று கொண்டால், அதுவும் எயிற்பட்டினமும் ஒரே பொருள் தருபவை.

அடுத்து வேலூர், பிறகு ஆமூர். வேலூரை உப்புவேலூர் என்றும் ஆமூரை நல்லாமூர் என்றும் அடையாளம் காண்கின்றனர். நெய்தலில் சுட்ட மீனும், முல்லையில் புளிக்கறியிட்ட சோறும், மருதத்தில் நண்டுக்கறியுமாக நிலத்துக்கேற்ப விருந்து மாறுகிறது.

பயணம் முடியும் தலைநகர் கிடங்கில். கிடங்கு என்பது அகழி. துறைமுகம் மதிலாலும் தலைநகர் அகழியாலும் பெயர்பெற்ற இந்த நாடு, அளவில் சிறியதாயினும் காவலில் கருத்துடையதாக இருந்திருக்க வேண்டும். கல்வியிலும் அது குறைந்ததல்ல: காவிதிக் கீரங்கண்ணனார், குலபதி நக்கண்ணனார் ஆகிய சங்கப் புலவர்கள் கிடங்கில் ஊரினர்.

நல்லியக்கோடனுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் சோழர் கல்வெட்டுகளில் ஓய்மாநாடு நாட்டுப் பிரிவின் பெயராக நிலைத்தது. கிடங்கிலோ கிடங்கல் எனத் திரிந்து, புளியங்காடு என்று பொருள்படும் திண்டிவனத்துக்குள் ஒரு பகுதியாகிவிட்டது.