மேனிக் காப்பும் திருவரங்கத்துத் தைலக்காப்பும்

முன்னுரை

தோலை நாள்தோறும் முறையாகப் பேணுதலும், தொழில் தேர்ந்தாரைக் கொண்டு முகத்தையும் மேனியையும் திருத்திக்கொள்ளுதலும் மேல்நாட்டாரிடமிருந்து அண்மையிற் பெற்ற வழக்கங்கள் என்று கருதுவார் உளர். அவற்றை வீண் பகட்டென ஒதுக்குவாரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்துமா என்பதைத் தமிழ் இலக்கியச் சான்றுகளையும், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கத்துக் கோயில் வழக்கையும் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் மரபில் மேனி பேணலின் அடிக்கருத்து உள்ள நிறத்தைக் காத்தலேயன்றி அதனை மாற்றுதல் அன்று என்பது யாம் நிறுவக் கருதும் முடிபு.

மாமையும் பசலையும்

சங்கப் பாடல்களில் மகளிரின் மேனி நிறத்தைக் குறிக்கும் சொற்களுள் சிறப்புடையது மாமை. அதனை மாந்தளிரின் நிறம் என்றும், கருமை சார்ந்த நிறம் என்றும் உரைகாரர் விளக்குவர். எவ்வாறு கொள்ளினும் அது வெண்மையாகாது. தலைவன் பிரிந்தவழித் தலைவியின் மாமை கெடுகிறது, பசலை படர்கிறது. நிறம் வெளுத்தலை நோயின் அடையாளமாகவும், இயல்பான நிறம் மீளுதலை நலத்தின் அடையாளமாகவும் புலவர் கண்டனர். திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரமே இதுபற்றி அமைந்துள்ளது. வெளிர்நிறம் அழகெனக் கொள்ளப்பட்டிருப்பின் பசலை துன்பமாகப் பாடப்பட்டிராது என்பது எண்ணத்தக்கது.

துவரும் விரையும்

இந்நிறத்தையும் நலத்தையும் காத்தற்குரிய முறைகளுள் முதன்மையானது நீராட்டு. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறியது. இளங்கோவடிகள் அங்குக் கூந்தலையே எடுத்துரைப்பினும், நெய் பூசித் தலைமுழுகும் நீர் மேனி முழுதும் படிவதாதலின் இச்சான்று நம் பொருளுக்கும் ஏற்புடையதே.

பத்துத் துவராவன இவை என அடியார்க்கு நல்லார் உரையால் அறிகிறோம்: பூவந்தி, நெல்லி, கடு, தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி. இவற்றுட் பெரும்பாலானவை ஊர்ப்புறத்தும் சாலையோரத்தும் காணப்படும் மரங்கள்; செல்வர்க்கே உரியன அல்ல. துவர்ப்புப் பொருள்கள் தோலின் எண்ணெய்ப் பசையை அகற்றி அதனை இறுகச் செய்யும் இயல்பின. ஐந்து விரையோ கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன. இவற்றுட் கோட்டமும் அகிலும் தொலைநிலத்திலிருந்து வாணிகத்தால் வந்தவை. எனவே, மாதவியின் நீராட்டில் எளியோர்க்கும் எய்தும் மருந்தும், செல்வர்க்கே எய்தும் மணமும் ஒருங்கு கலந்துள்ளன. மேனி பேணலின் பயனுடைய பகுதி முன்னதே என்பது எம் கருத்து. ஆத்திசூடி விதிக்கும் சனி நீராட்டைக் கிழமைதோறும் செய்யும் எண்ணெய் முழுக்கு எனக் கொள்ளின், இவ்வொழுங்கு சிறுவர்க்குரிய பாடமாகவும் விளங்கியமை பெறப்படும்.

வண்ணமகளிர்

ஒப்பனை ஒரு தனித் தொழிலாக இருந்தமைக்கும் சான்று உண்டு. புகார் நகர வீதிகளில் வண்ணமும் சுண்ணமும் சாந்தும் விற்போர் திரிந்ததைச் சிலம்பு கூறும். சீவக சிந்தாமணியின் இலக்கணையார் இலம்பகத்தில் மணமகளுக்குக் கோலம் செய்பவள் ‘வண்ணமகள்’ எனப்படுகிறாள். தொழிலாற் பெற்ற பெயர் அது. அந்நூலிலேயே குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் சுண்ணத்தின் உயர்வு குறித்து மாறுபடுகின்றனர். சீவகன் வண்டுகளைச் சான்றாகக் கொண்டு குணமாலையின் சுண்ணமே சிறந்ததெனத் தீர்ப்பளிக்கிறான். பூசும் பொருளின் தரம் ஆய்ந்து அறியப்பட வேண்டியது என்னும் எண்ணம் இக்கதைக்கு அடிப்படையாக உள்ளது.

சமண முனிவர் பாடிய நாலடியார் தூய்தன்மை அதிகாரத்தில் உடலை இழிக்கின்றதே எனின், அது பற்றறுத்தற் பொருட்டுக் கூறியது. சமணராகிய திருத்தக்கதேவர் சுண்ணத்தின் நுட்பத்தை விரித்துரைப்பது, இல்லறத்தார்க்கு மேனி பேணல் விலக்கன்று என்பதைக் காட்டும்.

திருவரங்கத்துத் தைலக்காப்பு

மாதவியின் நீராட்டைப் பாடிய காப்பியமே திருவரங்கத்தையும் பாடுகிறது. கோவலன் உறையூரைக் கடந்து மதுரைக்குச் செல்லும் வழியில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையோன், அரங்கத்தில் கிடந்த பெருமானின் மேனியைக் கார்முகிலோடு ஒப்பிடுகிறான். அக்கரிய மேனி இன்றும் முறையாகப் பேணப்பட்டு வருகிறது.

மூலவராகிய பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆகியது. ஆதலின் அதற்கு நீர்த் திருமஞ்சனம் இல்லை. அது உற்சவராகிய நம்பெருமாளுக்கே உரியது. ஆனித் திங்கள் கேட்டை நாளில் காவிரி நீர் கொணர்ந்து நம்பெருமாளுக்கு ஜேஷ்டாபிஷேகம் செய்வர். அதனையொட்டி, மணப்பொருள்கள் சேர்த்து ஆக்கிய தைலத்தை மூலவரின் திருமேனியிற் சாற்றுவர். அது உலரும்வரை, ஏறத்தாழ 48 நாள், திருமுக மண்டலத்தையே காணலாம், திருவடியைக் காணவியலாது. காண வருவார் எத்துணைப் பெருகினும் காப்பு நிலைக்கும் காலம் குறைக்கப்படுவதில்லை.

1137 இல் மறைந்தார் எனக் குருபரம்பரை கூறும் இராமானுசரின் திருமேனியே அக்கோயிலில் அவர் சந்நிதியில் உள்ளதென்பது வைணவ மரபு. ‘தானான திருமேனி’ எனப்படும் அதற்குப் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்ந்த கலவை ஆண்டுக்கு இருமுறை சாற்றப்படுகிறது. இக்கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று இருந்து அழிவுற்றதும், 1493 இல் அது மீண்டும் அமைக்கப்பட்டுத் தன்வந்திரி திருவுருவம் நிறுவப்பெற்றதும் கல்வெட்டால் தெரிகின்றன. திருமேனிக் காப்பும் மக்களின் உடற்காப்பும் ஒரே மதிலகத்துள் இடம்பெற்றன.

சுதைமேனிக்குச் செய்வது மக்கள் மேனி பற்றிய நேரிய சான்றாகாது என்பதை யாம் அறிவோம். யாம் இங்குக் கொள்வது ‘காப்பு’ என்னும் சொல்லையும் அதன் கருத்தையுமே. உரிய பருவம், உரிய பொருள், அதற்கென அமைந்த பணியாளர், உலருங்காறும் பொறுமை ஆகிய நான்கும் அதில் அடங்கும். பயன் உள்ள மேனி கெடாதிருத்தல்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், முறையான மேனி பேணலும் அதற்குரிய தொழிலாளரும் தமிழர்க்குப் புதியன அல்லர் என்பது தெளிவாம். புதியது வெண்மையை விலைக்கு விற்றலே. 1975 இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020 இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிற்று. ஆயினும் அவ்வேட்கை நீங்கிற்றிலது. நிறம் வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் சேர்கிறது; அது தோல்வழிப் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்தியாவில் 2020 ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் பாதரசச் சேர்மங்களைச் சேர்த்து அழகுப்பொருள் ஆக்குதலைத் தடுக்கின்றன. மருத்துவர் சொல்லாமல் நெடுநாள் பூசும் ஸ்டீராய்டு களிம்போ தோலை மெலிவிக்கும்.

திருச்சிராப்பள்ளியின் அழகு நிலையங்களுக்குச் செல்வார் தூய்மையும் ஈரப்பசையும் வெயிற்காப்பும் நாடுவராயின் அது பழைய நெறியின் தொடர்ச்சியே. மாமையை அழித்துப் பசலையை நாடுவராயின், சங்கப் புலவர் நோயெனக் கண்டதை விலை கொடுத்து வாங்குவோர் ஆவர். கோயிலொழுகும் கல்வெட்டுகளும் குறிக்கும் காப்புப் பொருள்களைத் துவர், விரை, ஓமாலிகைப் பட்டியல்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணியாம்.