குழந்தை இயேசுவின் பெயரால் ஒரு சந்தை

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களில் ஆலயமும் அங்காடியும் உடன்பிறந்தவைபோல் வளர்ந்தவை. திருவிழாவுக்கு மக்கள் கூடுவர். கூடிய மக்களுக்கு உணவும் உடையும் மெழுகுதிரியும் வேண்டும். வணிகர் வந்து கடை விரிப்பர். செருமானிய மொழியில் திருப்பலியைக் குறிக்கும் ‘மெஸ்ஸே’ என்னும் சொல்லே பெருஞ்சந்தையையும் குறிக்கிறது என்பது இவ்வுறவின் பழமையை உணர்த்தும். ஆயினும் உடன்பிறந்தோரிடையே பூசல் எழுவதும் இயல்பே. ஆலயத்தை நோக்கி வருவோரை அங்காடி வழிமறித்துக்கொள்கிறதா? அங்காடிக்கு வருவோரை ஆலயம் தன்பால் ஈர்க்கிறதா? இக்கேள்வி 450 ஆண்டுகளுக்கும் மேலாக ஒலித்துவரும் ஒரு நகரத்தின் வரலாற்றைத் திருவருகைக் காலத்தில் எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், ரைன் ஆற்றின் கரையில் அமைந்த நகர் ஸ்ட்ராஸ்பர்க். அதன் நடுவே நிற்பது அன்னை மரியாவின் பெயர் தாங்கிய பேராலயம். 1015இல் ஆயர் வெர்னர் அடித்தளமிட்ட பழைய ஆலயம் தீக்கிரையானபின், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, வோஜ் மலைத்தொடரின் செந்நிற மணற்கல்லால் தலைமுறை தலைமுறையாக எழுப்பப்பட்டது இன்றைய ஆலயம். 1439இல் நிறைவுற்ற அதன் வடகோபுரம் 142 மீட்டர் உயரமுடையது. 1647 முதல் 1874 வரை உலகிலேயே மிக உயர்ந்த கட்டடம் என்னும் பெருமை அதற்கு இருந்தது. அதற்கு இணையாக எழவேண்டிய தென்கோபுரம் கட்டப்படவேயில்லை.

நவம்பர்த் திங்களின் இறுதி வாரத்தில் அந்நகருக்குச் செல்வோர் காணும் காட்சி வேறு. பேராலயத்தைச் சூழ்ந்தும், பிரோக்லி சதுக்கம் முதலிய இடங்களிலும் ஏறத்தாழ 300 மரக்கடைகள் வரிசையாக நிற்கும். இலவங்கப்பட்டையும் கிராம்பும் இட்டுச் சுடவைத்த திராட்சை மதுவின் மணம் குளிர்காற்றில் கலந்து வரும். இஞ்சியும் தேனும் சேர்ந்த அப்பங்களும், ‘பிரெடெலே’ எனப்படும் வெண்ணெய்ப் பலகாரங்களும், குடில் உருவங்களும், கண்ணாடிக் கோளங்களும் கண்ணைப் பறிக்கும். கிளேபர் சதுக்கத்தில் சுமார் 30 மீட்டர் உயர மரமொன்று விளக்கணிந்து நிற்கும். இச்சந்தையை மக்கள் தம் வட்டார மொழியில் ‘கிறிஸ்ட்கிண்டல்ஸ்மேரிக்’ என்பர். ‘குழந்தை கிறிஸ்துவின் சந்தை’ என்பது அதன் பொருள்.

இப்பெயர் மக்கள் வழக்கில் தானாக முளைத்ததன்று. ஒரு மறையுரையின் விளைவு. இடைக்காலத்தில் அங்குக் கூடியது புனித நிக்கோலாஸ் சந்தை. திசம்பர் 6ஆம் நாள் அப்புனிதரின் திருநாளையொட்டிப் பெற்றோர் பரிசுகள் வாங்கி, நிக்கோலாஸ் கொண்டுவந்தார் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் லூத்தரின் சீர்திருத்த இயக்கம் நகரில் வேரூன்றியது. 1529இல் நகர மன்றம் திருப்பலியை நிறுத்தியது. இடையில் சில ஆண்டுகள் நீங்கலாகப் பேராலயம் சீர்திருத்த சபையினர் வசமாயிற்று. 1570இல் யோகான்னஸ் பிளின்னர் என்னும் போதகர் அப்பேராலயத்தின் மறையுரை மேடையில் நின்று நிக்கோலாஸ் வழக்கத்தைக் கண்டித்தார். நன்மை யாவும் கிறிஸ்துவிடமிருந்தே வருகின்றன என்று கற்பிக்கவேண்டிய பெற்றோர், அவற்றைப் புனிதர் ஒருவர் தருவதாகக் கூறலாமா என்பது அவரது முறையீடு. நகர மன்றம் செவிசாய்த்தது. நிக்கோலாஸ் சந்தை நீக்கப்பட்டது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய மூன்று நாள்களில் குழந்தை கிறிஸ்துவின் பெயரால் சந்தை கூடலாயிற்று.

கத்தோலிக்கராகிய நாம் இதைப் படிக்கும்போது, புனிதரை வெளியேற்றிவிட்டார்களே என்று வருந்தத் தோன்றலாம். ஆனால் அப்போதகர் எழுப்பிய கேள்வி நம்முடையதும்கூட. கிறிஸ்துவே நடுவிடம் பெறவேண்டும் என்பதில் அவரோடு நமக்குப் பிணக்கில்லை. கேள்வி சரியானதே, பெயரை மாற்றியதால் அதற்கு விடை கிடைத்ததா என்பதே நாம் ஆராயவேண்டியது.

அதற்கு விடை சொல்லும் மற்றொரு குரல், ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்குப்பின் அதே நகரில் ஒலித்தது. கிறிஸ்து பிறப்பு மரம் அந்த அல்சாஸ் நாட்டில் மிகப் பழமையானது. ஸ்ட்ராஸ்பர்குக்குத் தெற்கே உள்ள செலஸ்தா நகரின் 1521ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், விழாக்கால மரங்களைக் காவல் காத்த வனக்காவலர்க்கு நான்கு ஷில்லிங் கொடுத்த செய்தி இருக்கிறது. 1605இல் எழுதப்பட்ட பயணக்குறிப்பொன்று, ஸ்ட்ராஸ்பர்க் மக்கள் தம் வீட்டுக் கூடங்களில் மரம் நட்டு, பலவண்ணக் காகித ரோசாக்களையும் ஆப்பிள்களையும் மெல்லிய அப்பங்களையும் பொற்றகடுகளையும் சர்க்கரைப் பண்டங்களையும் தொங்கவிட்டதைச் சொல்கிறது. ஆப்பிள் ஆதிப்பெற்றோரின் வீழ்ச்சியையும், ஓஸ்தியை ஒத்த அப்பம் மீட்பையும் குறிப்பன என்று விளக்குவர். பழைய மரபில் திசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நினைவு நாளாதலால் இவ்விளக்கம் பொருத்தமானதே. வீழ்ச்சியும் மீட்பும் ஒரே கிளையில் தொங்கிய மரம் அது! ஆனால் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதே பேராலயத்தில் போதித்த யோகான் கொன்ராட் டான்ஹவுவர் என்னும் இறையியலார், பொம்மையும் இனிப்பும் கட்டித் தொங்கவிடும் இவ்வழக்கத்தை வெறும் விளையாட்டு என்று குறைகூறினார். பிள்ளைகளுக்கு உண்மையான மரமாகிய கிறிஸ்துவைக் காட்டுங்கள் என்றார். குழந்தை கிறிஸ்துவின் பெயரைச் சந்தைக்குச் சூட்டி முக்கால் நூற்றாண்டு கழிந்தபின்னும், கிறிஸ்துவை மறக்காதீர்கள் என்று மறையுரை மேடை மன்றாட வேண்டியிருந்தது. நகர மன்றத்தின் ஆணை சந்தையின் பெயரை மாற்றியது. சந்தைக்குச் செல்வோரின் உள்ளத்தை மாற்றும் ஆற்றல் அதற்கில்லை.

1681இல் பதினான்காம் லூயி மன்னர் நகரைக் கைப்பற்றியபோது பேராலயம் மீண்டும் கத்தோலிக்கரிடம் வந்தது. லூத்தரன் மக்கள் வழிபாட்டுரிமையோடு புனித தோமா ஆலயம் முதலியவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். கத்தோலிக்கர் பழைய பெயரைச் சந்தைக்கு மீட்டுத் தரவில்லை. சீர்திருத்த சபை தந்த பெயரே நிலைத்தது. பரிசு கொண்டுவரும் குழந்தை கிறிஸ்துவைக் காலப்போக்கில் கத்தோலிக்க இல்லங்களும் ஏற்றுக்கொண்டன. வெளியேற்றப்பட்ட நிக்கோலாசும் போய்விடவில்லை. இன்றும் திசம்பர் 6ஆம் நாள் அல்சாஸ் வீடுகளில் ‘மென்னலே’ என்னும் மனித உருவ ரொட்டியைச் சுட்டு அவரது நாளைக் கொண்டாடுகின்றனர். இறையியலார் வாதத்தில் எதிரெதிரே நின்ற இருவரும், எளிய மக்களின் அடுக்களையில் ஒரே மாதத்தின் இரு விருந்தினராயினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்பைக் குறித்துப் பேசுமுன்பே, அவ்வில்லங்கள் அதன் சிறுபகுதியைச் செய்துகாட்டின எனலாம்.

அப்படியானால் உண்மையான ஆபத்து எங்கே? பேராலயத்தைச் செதுக்கிய சிற்பிகள் அதைச் சந்தைக்கு எதிரிலேயே கல்லில் வடித்து வைத்திருக்கின்றனர். மேற்கு முகப்பின் தென்வாயிலில் மணமகனாகிய கிறிஸ்துவும் விவேகமுள்ள கன்னியரும் ஒருபுறம். மதியிழந்த கன்னியர் மறுபுறம். மதியிழந்தோர் அருகே அழகிய உடையணிந்த இளைஞன் ஒருவன் புன்னகையோடு ஆப்பிளை நீட்டுகிறான். அவன்தான் சோதிப்பவன். முன்னின்று நோக்குவோர்க்கு அவன் கனவான். முதுகிலோ தேரைகளும் பாம்புகளும் ஊர்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இச்சிற்பம் புனிதர்க்கும் கிறிஸ்துவுக்கும் இடையே போட்டி காணவில்லை. விளக்கில் எண்ணெய் உண்டா இல்லையா என்பதே அதன் கேள்வி. வீட்டு மரத்திலும் ஆப்பிள், சோதிப்பவன் கையிலும் ஆப்பிள்! கனி ஒன்றே; எவர் கையிலிருந்து, எதற்காகப் பெறுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இந்நகரம் துன்பமறியாததன்று. 1870இல் முற்றுகையின் குண்டுகள் பேராலயத்தின் கூரையை எரித்தன. 1940இல் நாசிகள் பேராலயத்தை வழிபாட்டுக்கு மூடினர். 1944 நவம்பர் 23ஆம் நாள், திருவருகைக் காலம் பிறக்கவிருந்த வேளையில், நகர் விடுதலை பெற்றது. 2018 திசம்பர் 11ஆம் நாள் மாலை, சந்தை நடைபெற்றுக்கொண்டிருந்தபோது, துப்பாக்கியும் கத்தியும் ஏந்திய ஒருவன் நகரின் நடுப்பகுதியில் தாக்கினான். பல நாடுகளில் பிறந்த ஐவர் உயிரிழந்தனர், பதினொருவர் காயமுற்றனர். மூன்றாம் நாள் சந்தை மீண்டும் திறந்தது. அதை வணிகத்தின் பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இருளின் நடுவே விளக்கை மீண்டும் ஏற்றியவர்கள், அறிந்தோ அறியாமலோ, சந்தையின் பெயருக்கு ஓரளவு பொருள் தந்தனர்.

மூன்று நாள் சந்தை இன்று ஒரு மாதச் சந்தையாகிவிட்டது. 1992 முதல் அந்நகர் தன்னைக் கிறிஸ்து பிறப்பின் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. தலைநகர் என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் அரசர் எங்கே தங்கியிருக்கிறார் என்று வருவோர் கேட்பது நியாயமே. மீரா நகர் ஆயர் நிக்கோலாஸ், வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுச் சன்னல்வழியே இரவில் பொன்னை எறிந்துவிட்டு மறைந்தார் என்பது திருச்சபை மரபில் வழங்கும் கதை. கொடுத்தவர் எவரென்று தெரியாதபோது, பெற்றவர்கள் கடவுளுக்கன்றோ நன்றி கூறுவர்? பிளின்னர் விரும்பியதை நிக்கோலாஸ் முன்பே செய்திருந்தார். நாம் வாங்கும் பரிசுகளுள் ஒன்றேனும், திருப்பித் தர இயலாத ஒருவர் வீட்டுக்கு, நம் பெயரின்றிப் போய்ச் சேருமானால், அங்காடியிலிருந்து ஆலயத்துக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது என்று நம்பலாம்.