ஏழையின் வாசலில் மருந்து

காசநோய்க்கு ஓய்வும் நற்காற்றும் போஷாக்கான உணவுமே வைத்தியம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் சானடோரிய வாசம் இன்றியமையாதது எனப்பட்டது. ஏழைத் தொழிலாளிக்கு அது எட்டாக் கனியாயிற்று.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இந்நிலையை மாற்றியது. வறிய நோயாளருள் ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும், மறுசாராருக்கு நெருக்கடி மிகுந்த தத்தம் வீடுகளிலும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. வீட்டிலிருந்தோர் குறைவாகவே உண்டனர். எனினும், 1959இல் வெளிவந்த முடிவின்படி, இரு சாராரும் ஏறக்குறைய ஒரேயளவில் குணமடைந்தனர்.

வறுமை ஒழிந்தபின்தான் இந்நோய் ஒழியும் என்பாருண்டு. பசியும் நெருக்கடியும் நோயை வளர்ப்பது மெய்யே. ஆயினும் நோயாளி அந்நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே சென்னை தந்த பாடம். 2023இலும் உலகில் ஏறத்தாழ 12.5 இலட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். மருந்திருந்தும் நேர்ந்த இம்மரணங்களை விதியென்று நாம் ஏற்கலாமா?