மக்கள் பூங்காவில் எழுந்த ஆடுகளம்

சேப்பாக்கம் என்றால் கிரிக்கெட். கிரிக்கெட் என்றால் சேப்பாக்கம்! நம் திருப்பூர்ப் பனியன் ஆலைத் தோழர்களும், நம்மிடம் வரலாறு பயிலும் மாணவர்களும் இவ்வாறே எண்ணுகின்றனர். சென்னையிலே மற்றுமோர் அரங்கம் இருந்ததை, அயல்நாட்டு அணிகள் பத்தாண்டுக்காலம் அங்கே டெஸ்ட் ஆடியதை, அவர்க்கு எடுத்துரைத்தவர் யார்?

சேப்பாக்கத்தின் பழங்கதையை முதலில் காண்போம். 1846-இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் கழகம் 1865 முதல் அங்கே ஆடிற்று. ஐரோப்பியர்க்கே உரிய கழகம்! ஆட வந்த இந்தியருக்குக் களத்திலே இடமுண்டு, மாடத்திலே இடமில்லை. உணவு வேளையில் மரத்தடியே அவர்க்கு மாளிகை. பந்தை அடிக்கலாமாம், பக்கத்தில் அமரக் கூடாதாம்! சேரியின் எல்லையில் தீண்டாமைக் கோடு கிழித்த நம் மேட்டுக்குடியினர், அத்தகைய கோட்டின் மறுபுறம் தாமே நிறுத்தப்பட்டபோது என்ன எண்ணினரோ!

மனம் கொதித்த புச்சிபாபு 1888-இல் இந்தியருக்கெனச் சென்னை ஐக்கியக் கழகத்தை நிறுவினார். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் மாகாண ஆட்டத்திற்கு வித்திட்டவரும் அவரே. 1908-இல் அந்த ஆட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். 1952 வரை பொங்கல் நாட்களில் அது நடந்துவந்தது.

விடுதலைக்குப் பின், சென்ட்ரல் நிலையத்திற்கு அணித்தே, மக்கள் பூங்கா என முன்னர் வழங்கிய பரப்பிலே எழுந்தது மாநகராட்சி அரங்கம். கழகத்தின் களமன்று, நகரத்தின் களம்! 1956 சனவரியில் நியூசிலாந்துடன் அங்கே முதல் டெஸ்ட். வினூ மன்காட் 231, பங்கஜ் ராய் 173. முதல் விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தது 413. அந்த உலகச் சாதனை 52 ஆண்டுகள் அசையாது நின்று, 2008-இல்தான் முறிந்தது.

1962 சனவரியில் இங்கிலாந்து தோற்றது, 128 ஓட்டங்களில். ஆண்டவரின் அணியை ஒரு தொடரில் இந்தியா முதன்முறையாக வென்றது அப்போதுதான். மரத்தடியில் உண்டவர்தம் பெயரர் காலத்தில் கிட்டிய விடை! இரண்டாண்டு கழித்து, அதே இங்கிலாந்துக்கு எதிராக, நட்கர்ணி 21 ஓவர்களைத் தொடர்ந்து ஓட்டமின்றி வீசினார்; அந்த இன்னிங்சில் 32 ஓவருக்கு அவர் ஈந்தது 5 ஓட்டம். நம் நூற்பாலை முதலாளிகள் கூலி ஈவதிலே அவரைத்தான் பின்பற்றினரோ!

ஒன்பது டெஸ்டுகள் கண்ட அரங்கம் அது. 1965-இல் நியூசிலாந்துடன் ஆடியதே கடைசி. 1967-இல் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்திற்கே திரும்பிற்று.

திருப்பூரிலோ, ஆலைக் கொட்டகைகள் பெருகப் பெருக வெற்றிடம் சுருங்குகிறது. விடுமுறையில் சிறுவர்கள் செங்கல்லை அடுக்கி வைத்துத் தெருவிலே ஆடுகின்றனர். பொதுநிலத்தில் பொதுமன்றம் களம் அமைக்க இயலாது என்போர், சென்னை மாநகராட்சி என்ன செய்தது என்று பார்க்கட்டும்.

அந்த அரங்கம் 1993-இல் கால்பந்துக்கென மாற்றிக் கட்டப்பட்டது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைக் கண்டது. நேரு விளையாட்டரங்கம் என்பது இன்று அதன் பெயர். மன்காடும் ராயும் ஓடிய இடத்தின்மீது கால்பந்து உருள்கிறது.